லாரிக்காரன்58 பற்றிய குறிப்பு

ரோசெலியின் குறிப்புகளில் வசவு இருக்காது. மற்றவர்கள் எழுதுவதில் பாதிக்கு மேல் வசவுதான். இணையத்தில் போக்கர் சீட்டாட்டம் ஆடும்போது எதிரே இருப்பவரின் பெயரைத் தொட்டால் திரையில் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் அதில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதியவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. தோற்ற ஆத்திரத்தில் 'மடையன்', 'குருட்டு யோகக்காரன்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் கழித்து அதே ஆள் எதிரே வந்து உட்காரும்போது அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? ரோசெலி எழுதுவது மூன்றே விஷயம். ஆள் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான், என்ன செய்தான், கடைசியில் கையைத் திருப்பிக் காட்டியபோது என்ன சீட்டு வைத்திருந்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை கூடாது.

இந்தப் பழக்கம் அவளுக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வந்தது. குரிச்சிபா நகரில் பதினோரு வருடம் அங்கே குமாஸ்தாவாக இருந்தாள். பிறப்பு, இறப்பு, கல்யாணம், நிலம் கைமாறியது என்று பிறத்தியார் வாழ்க்கையை நாலு வரியில் அடக்கி எழுதிப் பழகிய கை. எல்லாம் கணினிக்கு மாறியபோது ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆறில் அவளும் ஒருத்தி. அப்போது வயது முப்பத்து மூன்று. விவாகரத்தும் அதே வருடம்தான். வீட்டில் சும்மா இருந்த நாட்களில் பொழுதுபோக்காக ஆட ஆரம்பித்தது, ஒரு வருடத்தில் வாடகை கட்டும் வேலையாகிவிட்டது. சமையலறைக்குப் பின்னால் இருந்த சிறிய அறையில் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் மாலை ஆறு மணிக்கு எழுந்திருப்பாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் பாசி பிடித்த சுவர்தான் தெரியும். அவள் அதைத் திறப்பதும் இல்லை.

அவளோடு சேர்ந்து ஆட்டத்தை அலசுகிற மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் எதிமார் என்பவன்தான் மூளை. தடித்த உடம்பு, கணீரென்ற குரல், எதற்கும் ஒரு சிரிப்பு. கையில் சரக்கில்லாதபோது பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துவது எப்படி என்று ரோசெலிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பலவீனமான ஆட்டக்காரர்களை அவன் 'வாத்து' என்பான். ஒரு வாத்து மேசையில் உட்கார்ந்தால் அதற்கு இடப்பக்கத்து நாற்காலியைப் பிடிக்க வேண்டும், அது என்ன செய்கிறதென்று பார்த்துவிட்டு நாம் செய்யலாம் என்பது அவன் முதல் பாடம்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் லாரிக்காரன்58 என்ற பெயரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வந்ததும் அரட்டைப் பெட்டியில், "எல்லாருக்கும் மதிய வணக்கம். புதுசா வந்திருக்கேன், பார்த்து அடிங்கப்பா" என்று எழுதினார். யாரும் பதில் போடவில்லை. அந்த மேசைகளில் யாரும் பேசுவதில்லை.

முதல் இரண்டு வாரம் ரோசெலிக்கு அவர் பிடிபடவில்லை. ஒரு மணிக்கு வருவார். நிதானமாக ஆடுவார், நல்ல சீட்டு வந்தால் மட்டும் பந்தயத்தைக் கூட்டிக் கட்டுவார். மூன்று மணி நேரம் அவரிடமிருந்து ஒரு காசு பிடுங்க முடியாது. நாலரை மணி நெருங்கியதும் பேய் பிடித்தவர் மாதிரி ஆகிவிடுவார். கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டும் ஏழும் இருக்கும், இருக்கிற பணம் அத்தனையையும் நடுவில் தள்ளுவார். செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் வருவார். மூன்று நாளும் இதே கதை.

குறிப்பில் 'என்ன செய்கிறார்' இருந்தது, 'ஏன்' இல்லை. ஏன் என்று தெரியாத குறிப்பு எந்த நாளும் பொய்த்துப்போகலாம். அதனால்தான் ரோசெலி ஒரு வியாழக்கிழமை அரட்டைப் பெட்டியில் அவருக்குப் பதில் எழுதினாள். அங்கே அவள் பெயர் நீலக்காக்கை.

"வணக்கம் லாரிக்காரரே. இன்னிக்கு என்ன, லாரிக்கு லீவா?"

மறுபக்கத்திலிருந்து பதில் கொட்டியது. "அப்பாடா! இந்த மேசையில வாயிருக்கிற ஆளும் இருக்கு! லாரியை வித்து நாலு வருஷம் ஆச்சு தம்பி. இப்ப வீட்டம்மாவுக்குத்தான் டிரைவர். கிட்னி போச்சு அவளுக்கு. வாரம் மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணக் கூட்டிட்டு வர்றேன். அவ உள்ள மிஷின்ல, நான் வெளிய பெஞ்சுல. நாலு மணி நேரம் சுவத்தையே எவ்வளவு பார்க்கிறது?"

தன்னை ஆண் என்று நினைத்துவிட்டார் என்பது ரோசெலிக்குப் புரிந்தது. திருத்தவில்லை. "அவங்க பேரு என்ன?" என்று கேட்டாள்.

"சுல்மீரா. முப்பத்தொம்பது வருஷம் ஆச்சு என்னைக் கட்டி. என் பேரு அன்செல்மோ."

அன்று நாலே முக்காலுக்கு அவர் எல்லாவற்றையும் தள்ளினார். ரோசெலி இரண்டு ராஜாக்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டாள். "நல்ல கை தம்பி. சரி, கூப்பிடுறாங்க, உள்ள போறேன்" என்று எழுதிவிட்டு அவர் மறைந்தார்.

ரோசெலி அவர் பெயரைத் தொட்டுக் கட்டத்தைத் திறந்தாள். எழுதினாள்: 'செவ்வாய், வியாழன், சனி. 1 மணி முதல் 5 வரை. டயாலிசிஸ் கிளினிக்கிலிருந்து போனில் ஆடுகிறார். 4.15 வரை பலமான சீட்டு மட்டும். அதுவரை மோதாதே. 4.30க்கு மேல், நர்ஸ் கூப்பிடும் நேரம், எந்தச் சீட்டானாலும் எல்லாவற்றையும் தள்ளுவார். காத்திரு. இடப்பக்கம் உட்கார். மனைவியைப் பற்றிக் கேட்டால் மேசையை விட்டுப் போகமாட்டார்.'

கடைசி வரியை எழுதும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அது உண்மை, அவ்வளவுதான்.

ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. செவ்வாய், வியாழன், சனி என்றால் இருவரும் பேசிக்கொண்டார்கள். இம்பித்துவா ஊரிலிருந்து நகராட்சி வேனில் வருவதாகச் சொன்னார். வேனில் ஒன்பது நோயாளிகள், எல்லாரையும் ஏற்றி இறக்கிக் கிளினிக் இருக்கும் போந்தா குரோசா வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகுமாம். திரும்பிப் போகும்போது சுல்மீராவின் கையில் ஊசி குத்திய இடத்திலிருந்து குழிக்குக் குழி ரத்தம் கசியுமாம். "நான் லாரி ஓட்டின அதே ரோடுதான். அப்பெல்லாம் குழியே கண்ணுல படல" என்று எழுதினார். ரோசெலி தன் அம்மா செய்யும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைப் பற்றிச் சொன்னாள். குரிச்சிபாவில் தனியாக இருப்பதைச் சொன்னாள். சில வியாழக்கிழமைகளில் காலையிலேயே அவளுக்கு ஒரு மணி எப்போது ஆகும் என்றிருந்தது. அது அவருடைய பேச்சுக்காகவா, நாலரை மணிக்காகவா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும்தான் இருந்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் எதிமார், நாலு பேர் குறிப்பையும் ஒன்றாகச் சேர்க்கலாம் என்றான். தளத்தின் விதிப்படி அது கூடாது. ஆனாலும் எல்லாரும் செய்கிறார்கள். ரோசெலி தன்னுடையதை அனுப்பிவைத்தாள். மறுநாளே போன் வந்தது.

"அடியே ரோசெலி, இப்படி ஒரு கொழுத்த வாத்தை இத்தனை நாளா மடியில கட்டிட்டு மூச்சு விடலயே நீ!"

"யாரைச் சொல்ற?"

"தெரியாத மாதிரி நடிக்காதே. அந்த லாரிக்காரன். மணி போட்டு எழுதியிருக்க, சினிமா டிக்கெட் மாதிரி. 'மனைவியைப் பற்றிக் கேட்டால் போகமாட்டார்'. தங்கம்டி அந்த வரி! நான் சுவத்துல எழுதி ஒட்டப் போறேன்."

"எதிமார், அந்த ஆளை விட்டுடு. வயசானவரு."

"நீ விட்டியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். வழக்கமான சிரிப்புதான். 

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு பேர் மேசையில் அன்செல்மோவைத் தவிர மூன்று பேர் எதிமார் குழு. ரோசெலியோடு நாலு. இடப்பக்க நாற்காலியை எதிமார் பிடித்திருந்தான். மதியம் ஒரு மணிக்கே அரட்டைப் பெட்டியில், "வணக்கம் ஐயா, அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று எழுதினான்.

"ஆகா, இன்னிக்கு எத்தனை நல்லவங்க!" என்று அன்செல்மோ பதில் போட்டார். "கொஞ்சம் தேவலை தம்பி."

நாலரைக்கு அவர் தள்ளினார், எதிமார் வாரிக்கொண்டான். மீண்டும் பணம் போட்டுக்கொண்டு வந்தார், இன்னொருவன் வாரினான். ரோசெலி அன்று எந்தக் கையிலும் இறங்கவில்லை. எழுந்தும் போகவில்லை. அடுத்த இரண்டு வாரமும் அப்படித்தான் நடந்தது. "இந்த மேசை இப்பல்லாம் கனமா இருக்கு, நீலக்காக்கை" என்று ஒருமுறை எழுதினார். அவளுக்குக் கைவிரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது. 'போயிடுங்க' என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். அரட்டையில் எழுதினால் மற்ற மூவரும் படிப்பார்கள். அவருக்கு மட்டும் தனியாக எழுதவும் வழி இருந்தது. அவள் எழுதவில்லை.

ஜூன் மாதக் கடைசி வியாழன். நாலு இருபதுக்கே அன்செல்மோ எல்லாவற்றையும் தள்ளினார். எதிமாரிடம் ஒரு ஜோடிப் பத்து இருந்தது, அவரிடம் நாலும் ஒன்பதும். மேசையில் பொதுச் சீட்டு ஐந்தும் விழுந்தும் அவருக்கு ஒன்றும் சேரவில்லை.

"அவ்வளவுதான் பெரியோர்களே, கடையைக் கட்டியாச்சு" என்று எழுதினார். பிறகு, "நீலக்காக்கை, உனக்கு ரொம்ப நன்றி தம்பி. நீ பேசலேன்னா அந்த பெஞ்சுல எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கும்." நாற்காலி காலியானது. அந்தப் பெயர் அதன்பிறகு எந்த மேசையிலும் வரவில்லை.

ரோசெலி மூன்று செவ்வாய்க்கிழமை பொறுத்துப் பார்த்தாள். நான்காவது வாரம் சனிக்கிழமை போந்தா குரோசாவுக்குப் பஸ் ஏறினாள். அந்த ஊர்களில் ஜூலை குளிர்காலம். வழி நெடுகப் பனிமூட்டத்தில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கைப்பையில் ஒரு உறை வைத்திருந்தாள். அவரிடமிருந்து தான் எடுத்ததை அவளால் கணக்குப் பார்க்க முடிந்தது. மற்ற மூவர் எடுத்ததையும் உத்தேசமாகச் சேர்த்துத் தன் கையிருப்பிலிருந்து வைத்திருந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரொட்டிக்கடையை ஒட்டி என்று அவர் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. கிளினிக்கைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. காத்திருக்கும் கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி.

"அன்செல்மோ ஐயாவா?"

"ஆமா. ஆபீஸ்ல இருந்து வர்றீங்களாம்மா?"

"இல்லைங்க. நான்... நீலக்காக்கை."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டு சிரித்தார். "அடக் கடவுளே! பொம்பளைப் பிள்ளையா நீ! நாலு மாசமா தம்பி தம்பின்னு கூப்பிட்டிருக்கேனே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" பக்கத்தில் இருந்த கிழவரைத் தட்டிக் கூப்பிட்டார். "சொல்லல, குரிச்சிபாவுல எனக்கு ஒரு சிநேகிதம் இருக்குன்னு? இந்தா பாரு, பஸ் ஏறி வந்திருக்கு."

தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்து அவளுக்குக் கொடுத்தார். போனை விற்றுவிட்டதாகச் சொன்னார். கிளினிக்குக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துச் சுல்மீராவைக் குடிவைக்கலாம் என்று லாரி விற்ற காசில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருந்தாராம். அந்த வேனின் குலுக்கல் அவளுக்கு வேண்டாமென்று. ஒரு வருட வாடகைக்குப் போதவில்லை. அதை இரண்டு மடங்காக்கத்தான் ஆட உட்கார்ந்தாராம். "முட்டாள்தனம், தெரியும். ஆனா மூணு மணி நேரம் நல்லாத்தானே ஆடுவேன்? நீயே சொல்லு. கடைசியில மட்டும் எங்கயோ தப்பாயிடுது. நீ பெரிய ஆட்டக்காரி. எங்க தப்பு, சொல்லு பார்ப்போம்."

ரோசெலி போனை எடுத்தாள். குறிப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உதடு அசைய மெதுவாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். சுவர்க்கடிகாரம் நாலு பத்து காட்டியது.

"இது நீ எழுதினதா?"

"ஆமா."

"எப்ப?"

"மார்ச்சுல."

"மார்ச்சுலயே." கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா எழுதியிருக்கேம்மா. ஒரு எழுத்து தப்பு சொல்ல முடியாது." அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு. நர்ஸ் கூப்பிடுறதுக்காக இல்ல. ஊசியை உருவும்போது அவளுக்கு வலிக்கும். நான்தான் பக்கத்துல நின்னு பஞ்சை அழுத்திப் பிடிக்கணும். வெறுங்கையோட போய் நிக்க வேண்டாம், ஒரு நல்ல சேதியோட போவோம்னு தோணும். 'ஜெயிச்சுட்டேன்டி, ரூம் பார்க்கலாம்'னு சொல்லணும். அதுக்குத்தான் தள்ளுவேன்."

ரோசெலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேற யாரு படிச்சாங்க?"

"மூணு பேர்."

"அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு கேட்டானே, அவனுமா?"

"அவனும்தான்."

அவர் போனை அவள் மடியில் வைத்தார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள்.  அவள் உறையை எடுத்து நீட்டினாள். ஒரு கணம் அவர் அதைத் தொடவே இல்லை. பிறகு வாங்கிப் பிரித்துப் பார்க்காமல் கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"வேண்டாம்னு சொல்ற நிலைமையில நான் இல்ல. சொல்லணும்னுதான் இருக்கு," என்றார். "இனிமே வராதே. இன்னும் கொஞ்ச நேரத்துல அவ வந்துடுவா. உன்னைப் பத்தி அவகிட்ட நிறையச் சொல்லியிருக்கேன். அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்."

"நான் இப்பவே கிளம்பிடறேன்."

கதவு திறந்தது. நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனார். ரோசெலி எழுந்து வாசல்வரை போயிருப்பாள், பக்கத்துக் கிழவர் விடவில்லை. "எங்கம்மா போற? சுல்மீராவைப் பார்க்காமப் போனா எங்களை உயிரோட விடமாட்டா. வாரா வாரம் உன் பேச்சுதான்."

கால் மணி நேரத்தில் சுல்மீரா வந்தாள். சின்ன உருவம், தோலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. முழங்கையில் கட்டு. கிழவர் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"நீதானா! ஆம்பளைப் பையன்னு இவரு சொன்னாரே! நான் அப்பவே சொன்னேன், இப்படி விசாரிக்கிறது பொண்ணாத்தான் இருக்கும்னு. ஆம்பளைங்களுக்கு எங்க தெரியுது?" கட்டுப் போடாத கையால் ரோசெலியை அணைத்துக்கொண்டாள். "இவரு உள்ள வந்ததும் முதல்ல உன் கதையைத்தான் சொல்லுவாரு. வலி தெரியாது எனக்கு. உன் நம்பர் கொடு. இவரு போனைத் தொலைச்சுட்டு நிக்கிறாரு. என்கிட்ட ஒண்ணு இருக்கு."

ரோசெலி அன்செல்மோவைப் பார்த்தாள். அவர் வேன் வந்துவிட்டதா என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எண்ணைச் சொன்னாள். சுல்மீரா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள். வேகவைத்த பிஞ்ஞாவ், அந்தப் பக்கத்து ஊசியிலை மரத்தின் கொட்டை. ஆறியிருந்தும் வாசனை போகவில்லை. "வழியில சாப்பிடு. எனக்கு டாக்டர் தொடக்கூடாதுன்னுட்டாரு. வேகவைக்கிற வாசனைக்காகவாவது வேகவைக்கிறேன்."

வேன் வந்தது. அன்செல்மோ மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். ஜன்னல் வழியாகச் சுல்மீரா கை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் ரோசெலி எதிமாருக்குப் போன் செய்து, குறிப்பை அழிக்கச் சொன்னாள்.

"செத்த கணக்குக்கு எதுக்குடி குறிப்பு? என்னிக்கோ அழிச்சாச்சு," என்றான் அவன். "ஆமா, உனக்கு என்ன ஆச்சு? ஒரு மாசமா ஆட்டமே சரியில்ல."

அவள் குழுவை விட்டு விலகினாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய குறிப்புகள் எல்லாம் அவனிடம் இருந்தன.

சுல்மீரா தினமும் காலையில் ஒரு படம் அனுப்புவாள். ரோஜாப்பூ, பூனைக்குட்டி, சூரியன். கீழே 'இனிய காலை வணக்கம், கடவுள் காப்பார்' என்றிருக்கும். ரோசெலியும் பதிலுக்கு ஒன்று தேடி அனுப்புவாள். சில நாள் சுல்மீரா குரலில் பேசி அனுப்புவாள். மழை, விலைவாசி, பக்கத்து வீட்டு நாய். அன்செல்மோ பக்கத்தில் இருமுவது அதில் கேட்கும். அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. ஒவ்வொரு முறை போன் ஒலிக்கும்போதும், இன்று அவர் மனைவியிடம் சொல்லியிருப்பார் என்று ரோசெலிக்குத் தோன்றும். படத்தில் பூனைக்குட்டியைப் பார்த்த பிறகுதான் பதிலுக்கு ஒன்று தேடுவாள்.

ஆகஸ்ட் கடைசியில் இரண்டு நாள் படம் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அதே எண்ணிலிருந்து எழுத்தில் வந்தது:

'சுல்மீரா செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டாள். நெஞ்சு நின்றுவிட்டது. இன்று பத்து மணிக்கு அடக்கம். உனக்குச் சொல்லச் சொல்லியிருப்பாள், அதனால் சொல்கிறேன். நீ வர வேண்டாம். அன்செல்மோ.'

ரோசெலி என்னென்னவோ எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் 'சரி' என்று மட்டும் அனுப்பினாள். அவர் படித்ததற்கு அடையாளமாக இரண்டு குறி நீலமானது. நெடுநேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது.

'ரூம் எடுத்தோம். ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில். மூன்று வாரம் அங்கே இருந்தாள். கிளினிக்குக்கு நடந்தே போனாள்.'

அவள் அடுக்களையில் நின்றபடியே அதைப் படித்தாள். பத்து மணி ஆகும்வரை அங்கேயே நின்றாள். ஆன பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அன்று முழுவதும் பின் அறைக் கதவைத் திறக்கவில்லை. வேறு வேலைக்கு இரண்டு இடத்தில் மனுப் போட்டாள். எங்கிருந்தும் பதில் வரவில்லை. அடுத்த மாத முடிவில் வாடகை கட்டும் நாள் வந்தது. மறுபடி திரை முன்னால் போய் உட்கார்ந்தாள். யாரோ ஒருவன், புதிய பெயர், கையில் ஒன்றுமில்லாமல் கூட்டிக் கட்டினான். அவன் பெயரைத் தொட்டாள். கட்டம் திறந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தை எழுதினாள், என்ன செய்தான் என்று எழுதினாள், காட்டிய சீட்டை எழுதினாள்.